பூனையின் புண் ஆறவே மாட்டேங்குதா? மாத்திரையை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்க

உங்க போனில் கேலரியைத் திறந்து பாருங்க. வீட்டில் பூனை இருந்தால் அதன் படம் எப்படியும் நாற்பது, ஐம்பது இருக்கும். அந்தப் படங்களைத் தேதி வரிசையில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போங்க. கழுத்தில் அந்தப் புண் முதலில் தெரிந்தது எந்த மாசம்? "இப்பதாங்க, போன வாரம் வந்துச்சு" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். படம் மூணு மாசம் என்று சொல்லும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பாலக்கோடு பக்கம் ஒரு வீடு. முன்னால் தக்காளித் தோட்டம், பின்னால் பட்டுப்புழு வளர்ப்பு மனை. எலி புகுந்தால் புழு போச்சு என்பதால் அந்த வீட்டில் பூனை செல்லம் மட்டுமில்லை, வேலைக்கும் ஆள். பொங்கல் சமயத்தில் அதன் கழுத்தில் ஒரு சின்னப் புண். மெடிக்கலில் சொல்லி நாலு மாத்திரை வாங்கி, பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தார்கள். புண் காய்ந்தது. இருபது நாளில் திரும்ப வந்தது, இந்த முறை காதோரமும் சேர்த்து. "கொஞ்சம் பவரா குடுங்க" என்று வேறு மாத்திரை. அதுவும் கேட்டது, ஒரு வாரம். பங்குனியில் மூன்றாவது தடவை வந்தபோது எந்த மாத்திரையும் கேட்கவில்லை. அந்த வீட்டுக் குழந்தையின் கையில் வட்டமாக ஒரு படை வேறு.

இது கற்பனைதான். ஆனால் பூனை வளர்ப்பவர்கள் பாதிப் பேர் "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று சொல்லக்கூடிய கற்பனை. இங்கே தப்பு எங்கே நடந்தது? மாத்திரை பவர் பத்தவில்லை என்பதிலா? இல்லை. புண்ணில் இருந்த பாக்டீரியாவை மட்டும் விரட்டினார்கள். அது ஏன் அங்கே வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாக்டீரியா தானாக வருவதில்லை

பூனையின் தோலிலும் வாயிலும் எப்போதுமே பாக்டீரியா உண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற குடும்பம் அதில் முக்கியமானது. நம் தோலிலும் மூக்கிலும்கூட அதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். தோல் நல்லா இருக்கும் வரை அவை சும்மா இருக்கும். வயலுக்கு வேலி இருக்கும்வரை மாடு வெளியே மேய்கிற மாதிரி. வேலி எங்காவது ஒடைஞ்சா உள்ளே புகுந்துவிடும். மாட்டை மட்டும் விரட்டி விட்டு வேலியை அடைக்காமல் விட்டால், நாளைக்குக் காலையில் மாடு மறுபடி வயலில்தான் நிற்கும்.

நாய்களைவிடப் பூனைகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். பூனைக்குத் திரும்பத் திரும்பச் சீழ்ப்புண் வந்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது என்று கால்நடை மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அரிப்பு, பூச்சி, பூஞ்சை, கடிகாயம், ஒவ்வாமை, உள்நோய், சில நேரம் புற்றுநோய்கூட. ஆகவே "எந்த ஆன்டிபயாட்டிக்?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி "வேலி எங்கே ஒடைஞ்சுது?"

கண்ணுக்குத் தெரியாத தெள்ளு

நம்ம ஊர்ப் பூனைகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தெள்ளுப்பூச்சி. சிலர் இதையும் உண்ணி என்றே சொல்வார்கள். உண்ணி ஒட்டிக்கொண்டே இருக்கும், தெள்ளு குதிக்கும். "எங்க பூனைக்குத் தெள்ளே இல்லீங்க, பார்த்துட்டேன்" என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பூனை தன் உடம்பை நாக்கால் சீவிக்கொண்டே இருக்கும் பிராணி. தெள்ளையும் சேர்த்து நக்கி விழுங்கிவிடும். ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும், கழுத்து, முதுகின் பின்பகுதி, வால் அடி எல்லாம் அரித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பூச்சி ஒன்றுகூட நம் கண்ணில் படாது.

அதனால் பூச்சியைத் தேடாதீங்க, அதன் எச்சத்தைத் தேடுங்க. ஒரு வெள்ளைத் தாளை ஈரமாக்கிக் கீழே வைத்து, பேன் சீப்பால் பூனையின் முதுகையும் வால் அடியையும் சீவுங்க. கருப்பு மிளகுத்தூள் மாதிரி ஏதாவது விழுந்து, ஈரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. உள்ளே இருப்பது பூனையின் ரத்தம். செலவே இல்லாத இந்தச் சோதனையை இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம். தாளை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வையுங்க, மருத்துவரிடம் காட்டலாம்.

தெள்ளு இருந்தால் பூனைக்கு மருந்து போட்டால் மட்டும் போதாது. வளர்ந்த பூச்சி பூனை மேல் இருக்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் பெரும்பங்கு சாக்கு, பாய், திண்ணை இடுக்கு, பூனை படுக்கும் துணியில் இருக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். ஆகவே துணியைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடுவது, தரையை இடுக்கு விடாமல் பெருக்குவது, வீட்டில் உள்ள எல்லாப் பூனை நாய்க்கும் ஒரே சமயத்தில் மருந்து போடுவது என்று குறைந்தது மூன்று மாதம் தொடரணும். "ஒரு தடவை போட்டேன், கேக்கல" என்பதற்கு அர்த்தம் இதுதான்.

இங்கேதான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. நாய்க்கு விற்கும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அதைப் பூனைக்குப் போட்டால் உடம்பு நடுங்கும், எச்சில் ஒழுகும், வலிப்பு வரும், சாகவும் செய்யும். மாட்டு உண்ணிக்குக் கலக்குகிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்றவையும் பூனைக்கு ஆகாது. "கொஞ்சமாத்தானே தொட்டு வச்சேன்" என்பது காப்பாற்றாது. பெட்டியின் மேல் பூனைப் படம் இருக்கிறதா, பூனையின் எடைக்கு ஏற்றதா என்று பார்த்துத்தான் போடணும். தவறிப்போய்ப் போட்டுவிட்டால் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரால் உடனே கழுவி, துடைத்து, போர்த்தி, மருத்துவமனைக்கு ஓடுங்க.

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பூனைக்கும் நாய்க்கும் போடும் பூச்சி மருந்துகள் பட்டுப்புழுவையும் கொல்லும். அவை பூச்சியைக் கொல்லத்தானே செய்யப்பட்டவை. மருந்து போட்ட பூனையை வளர்ப்பு மனைக்குள்ளும் மல்பெரி இலை வைக்கும் இடத்திலும் விடாதீங்க. மருந்து தொட்ட கையோடு இலை அரியப் போகாதீங்க. எத்தனை நாள் தள்ளி வைக்கணும் என்று மருந்து எழுதும் மருத்துவரிடமே கேளுங்க. அதேபோல மனையைக் கிருமி நீக்கம் செய்யும் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் ஈரப் பாதத்தில் பட்டால் தோல் வெந்துபோகும். பூனையின் நாலு பாதத்திலும் ஒரே நேரத்தில் புண் வந்திருந்தால், மனை கழுவிய நாளையும் சேர்த்து யோசியுங்க.

மற்ற சந்தேகங்கள்

காது விளிம்பில் ஆரம்பித்து, முகம், கழுத்து என்று சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு கட்டி, பூனை ராத்திரி பகலாகச் சொறிந்தால் அது சொறிப் பூச்சியாக இருக்கலாம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். சரியான மருந்துக்கு நன்றாகக் கேட்கும். ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி வீட்டில் இருக்கிறதே என்று அளவு தெரியாமல் போட்டுவிடக் கூடாது. நாற்பது கிலோ ஆட்டுக்கான கணக்கு வேறு, மூன்று கிலோ பூனைக்கான கணக்கு வேறு. குட்டிகளுக்கு அது உயிரையே எடுத்துவிடும்.

வட்டமாக முடி கொட்டி, ஓரம் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரை. இது பாக்டீரியா இல்லை, பூஞ்சை. ஆன்டிபயாட்டிக் எத்தனை கொடுத்தாலும் கேட்காது. இது மனிதருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் ஒட்டும். நம் உதாரண வீட்டுக் குழந்தையின் கைப் படையை இப்போது நினைத்துப் பாருங்க. அந்தக் குழந்தையைத் தோல் மருத்துவரிடம் காட்டும்போது "வீட்டில் பூனைக்கும் புண் இருக்கு" என்று சொல்வதும், பூனையின் மருத்துவரிடம் "குழந்தைக்கும் படை வந்திருக்கு" என்று சொல்வதும் மிக முக்கியம். இந்த ஒரு வரியில் இரண்டு பேரின் நோயும் தெரிந்துவிடலாம். அரிப்பு நிற்கட்டும் என்று கடையில் வாங்கும் கலப்பு க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். அது சிவப்பை மறைத்துப் பூஞ்சையை வளர விடும்.

வெளியே சுற்றும் ஆண் பூனை என்றால் சண்டைக் காயம். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. மேலே சின்னத் துளை, அது ஒரே நாளில் மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் பிடித்து மூன்று நாலு நாளில் கட்டியாக வீங்கும், பிறகு உடைந்து நாற்றத்தோடு ஒழுகும். இதற்கு மாத்திரையைவிட முக்கியம் சீழை முழுவதும் வெளியேற்றிக் கழுவுவது. அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டினால் உள்ளே உடைந்த பல்லோ நகமோ முள்ளோ தங்கியிருக்கலாம். கருத்தடை செய்தால் ஆண் பூனைகளின் சண்டை வெகுவாகக் குறையும், அதனால் கட்டிகளும் குறையும்.

வெள்ளைப் பூனை வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்க. காது நுனியிலோ மூக்கிலோ ஒரு சிறு பொருக்கு, விழுந்து விழுந்து திரும்ப வருகிறது, மாதக்கணக்காக ஆறவில்லை. நம்ம வெயிலில் இது வெறும் புண்ணாக இல்லாமல் தோல் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம். சின்னதாக இருக்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் பூனை பிழைத்துக்கொள்ளும். "ஆயின்மென்ட் போட்டுக்கிட்டே இருக்கோம்" என்று ஒரு வருஷம் கடத்திவிட்டால் கஷ்டம்.

மருத்துவர் என்ன செய்வார், நீங்க என்ன கேட்கலாம்

ஆறாத புண்ணோடு போகும் பூனைக்கு அடிப்படையாக மூன்று சின்னச் சோதனைகள் உண்டு. சீப்பால் சீவித் தெள்ளு பார்ப்பது, தோலைச் சுரண்டிச் சொறிப்பூச்சி பார்ப்பது, புண்ணின் மேல் கண்ணாடிச் சில்லை ஒத்தி எடுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. சாயம் போட்டுப் பார்க்கச் சில நிமிஷம்தான் ஆகும். வெள்ளணுக்கள் நிறைய இருந்து, அவற்றின் வயிற்றுக்குள் உருண்டை உருண்டையாகப் பாக்டீரியா தெரிந்தால், உண்மையிலேயே பாக்டீரியாத் தொற்று. பாக்டீரியாவே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. ஈஸ்ட் தெரிந்தால் மருந்தே வேறு. ஆகவே "ஸ்லைடு ஒத்திப் பார்க்க முடியுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்க. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது தடவையும் புண் திரும்பி வந்தாலோ, ஸ்லைடில் நீள நீளமான பாக்டீரியா தெரிந்தாலோ, முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை என்றாலோ கல்ச்சர் டெஸ்ட் எடுக்க வேண்டும். சீழையோ தோல் துண்டையோ ஆய்வகத்தில் வளர்த்து, எந்தப் பாக்டீரியா, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது. சாதாரணப் பாக்டீரியாவுக்குச் சில நாளில் முடிவு வந்துவிடும். திறந்த புண்ணின் மேல் தடவி எடுக்கும் மாதிரியில் தரை, எச்சில், மண் எல்லாமே இருக்கும். உடையாத கொப்புளத்திலிருந்தோ உள் திசுவிலிருந்தோ எடுப்பது நல்லது. ஏற்கெனவே என்ன மாத்திரை, எத்தனை நாள், எப்போது நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்க. "திட்டுவாரோ" என்று பயந்து மறைத்தால் டெஸ்ட் காசு வீண்.

இந்த இடத்தில் உங்க போன்தான் உண்மையான கேஸ் ஷீட். ரெண்டு நாளைக்கு ஒரு முறை, அதே வெளிச்சத்தில், புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்க. புண் வளர்கிறதா சுருங்குகிறதா என்று நாணயம் சொல்லும். கொடுத்த ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் பெயர் தெரிய ஒரு படம். ராத்திரி சொறியும்போது பத்து விநாடி வீடியோ. மருத்துவமனை மேசையில் பயத்தில் உறைந்து உட்காரும் பூனை அங்கே சொறிந்து காட்டாது. மாத்திரை நேரத்துக்கு அலாரம். ஆனால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி மருந்து கேட்பதோடு நிறுத்திவிடாதீங்க. படத்தில் தோலைச் சுரண்ட முடியாது.

சிகிச்சை: முதலில் வெளியே, தேவைப்பட்டால் உள்ளே

மேலோட்டமான தொற்றுக்கு இப்போது முதலில் வெளிப்பூச்சுக்கே முக்கியத்துவம் தருகிறார்கள். புண்ணைச் சுற்றி முடியை வெட்டி, மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் கரைசலாலோ ஷாம்பூவாலோ சுத்தம் செய்வது. ஷாம்பூ என்றால் சுமார் பத்து நிமிஷம் தோலில் ஊற வேண்டும்; போட்டதும் கழுவினால் பலன் இல்லை. கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. மருந்து கையில் இல்லாத அவசரத்துக்கு, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு அந்த நீரால் மெல்லத் துடைக்கலாம். ஃபீனைல், டெட்டால், டீ ட்ரீ ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் வேணாம். பூனை எதைப் பூசினாலும் நக்கும், நக்கியதை விழுங்கும். அதன் ஈரலுக்கு இவற்றை முறிக்கும் சக்தி குறைவு. மஞ்சள் பத்துப் போட்டாலும் நக்கி நக்கியே புண்ணைப் பெரிசாக்கும். கழுத்துக் கூம்பு போடுவது கொடுமை மாதிரி தெரியும், ஆனால் பல புண்கள் ஆறுவதே அதனால்தான்.

வலிக்குதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீங்க. காய்ச்சலுக்கு நாம் போடும் அந்த ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். இதைத் தனியாக ஒரு பத்தியில் சொல்லக் காரணம், இது தெரியாமல் அன்பினாலேயே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

தொற்று ஆழமாக இருந்தால் வாய்வழி ஆன்டிபயாட்டிக். அமாக்சிசிலின் உடன் கிளாவுலனேட், செஃபலெக்சின், கிளிண்டாமைசின் போன்றவை வழக்கமாகப் பயன்படுபவை. எது, எவ்வளவு என்பதை மருத்துவர் எடை பார்த்துத் தீர்மானிப்பார். எடை தெரியலையா? பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறுங்க, பிறகு தனியாக ஏறுங்க, கழித்துக்கொள்ளுங்க. டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் மாத்திரைக்குப் பின்னால் ஊசியில்லாத சிரிஞ்சில் நாலைந்து மில்லி தண்ணீர் கட்டாயம் கொடுங்க. இல்லையென்றால் மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். என்ரோஃப்ளாக்ஸசின் அளவு மீறினால் பூனைக்குப் பார்வையே போகலாம். நமக்கோ ஆட்டுக்கோ வாங்கியதில் பாதி உடைத்துக் கொடுக்கும் பழக்கம் ஏன் கூடாது என்பதற்கு இந்த ஒன்று போதும்.

எத்தனை நாள்? மேலோட்டமானதற்கு இரண்டு வாரம் அளவில் கொடுத்து மறுபடி காட்டுவதும், ஆழமானதற்கு அதைவிட நீளமாகப் போவதும் வழக்கம். பொருக்கு உதிர்ந்ததும் நாமே நிறுத்துவதுதான் தப்பு. மருந்து முடியும் நாளுக்கு முந்தின நாளே மறுபரிசோதனைக்குப் போக அலாரம் வையுங்க. மாத்திரையைச் சோற்றில் கலந்து பூனை சோற்றையே ஒதுக்கிவிட்டால் அதைப் பிடிவாதம் என்று விடாதீங்க. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். கொழுத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

"ஒரே ஊசியில் அரிப்பு நின்னுடுச்சு" என்றால் அது ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வாமைக்கு அது நல்ல மருந்துதான், நோய் இன்னதென்று தெரிந்த பிறகு. தெரியாமல் போட்டால் படர்தாமரையும் ஆழ்ந்த தொற்றும் பரவும். திரும்பத் திரும்பப் போட்டால் சில பூனைகளுக்குச் சர்க்கரை நோயும் வரும். என்ன ஊசி என்று பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்க.

எல்லாம் செய்தும் ஆறவில்லை என்றால்

அடிவயிற்றுத் தொடையிடுக்கில் கொழுப்புப் பகுதி கெட்டியாகி, சின்னச் சின்னத் துளைகளாக நீர் ஒழுகுகிறது. ஒரு துளை மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கிறது. பூனை நன்றாகச் சாப்பிடும், விளையாடும், புண் மட்டும் போகாது. இப்படி இருந்தால் மைக்கோபாக்டீரியா என்ற வகையைச் சந்தேகிக்கணும். காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் தூரத்து உறவு இது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் வகை, கடிகாயம் வழியாக உள்ளே போகும். வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாது. சாதாரண ஸ்லைடில் தெரியாமலும் போகலாம். சளிப் பரிசோதனையில் காசநோய்க்குப் போடும் அதே வகைச் சாயம் போட்டுப் பார்க்கணும், கல்ச்சருக்கு அனுப்பும்போது "மைக்கோபாக்டீரியா, நொகார்டியா இருக்கான்னும் பாருங்க" என்று ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லணும். சிகிச்சை மாதக்கணக்கு, சில சமயம் அறுவையும் சேரும். அரிதான நோய்தான். ஆனால் அரிதானது என்பதாலேயே கவனிக்காமல் விட்டு, ஆறு மாசம் மாத்திரை மாற்றிக்கொண்டிருக்கும் பூனைகள் இதில்தான் மாட்டும்.

பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. என்ற இரண்டு வைரஸ்களுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லலாம். பயப்படாதீங்க, இவை மனிதருக்கு வராது. புண்ணிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பயாப்சி பார்ப்பதும் இந்தக் கட்டத்தில் தேவைப்படும்.

இன்னொரு காரணம் நாமே உண்டாக்கியது: மருந்தை எதிர்க்கப் பழகிய பாக்டீரியா. ஐந்து நாள் இது, நாலு நாள் அது என்று கொடுத்ததில் பலவீனமானவை செத்து, முரண்டு பிடிப்பவை மிஞ்சுகின்றன. அவை பூனையோடு நிற்பதில்லை. பூனையைத் தடவும் கைக்கும், அந்தக் கையிலிருந்து மீண்டும் பூனைக்கும் போகும். உலகில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கேட்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இந்தியாவில் 2014 மார்ச் முதல் செஃபிக்சிம் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் ஹெச்-1 அட்டவணையில் வந்துவிட்டன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆகவே மெடிக்கலில் "சீட்டு இருக்கா?" என்று கேட்டால் கோபப்படாதீங்க. வீட்டில் சர்க்கரை நோயாளி, சிறுநீரக நோயாளி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் யாராவது இருந்தால் பூனையின் புண்ணைக் கழுவும் வேலை அவர்களுக்கு வேணாம். மற்றவர்களும் கையுறை போட்டுச் செய்து, பிறகு சோப்பால் கை கழுவுங்க.

தருமபுரியில் எங்கே போவது

முதல் படி உங்க ஊருக்குப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் அல்லது கால்நடை மருத்துவமனை. அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி, பாலக்கோடு, தருமபுரி என எந்த வட்டத்தில் இருந்தாலும் கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகம் எட்டும் தூரத்தில் இருக்கும். "அது மாட்டாஸ்பத்திரி ஆச்சே" என்று தயங்க வேணாம், பூனையையும் பார்ப்பார்கள். மாடு கன்றுக்கு மருத்துவர் வெளியே போவதற்குள், காலையிலேயே போய்விடுவது நல்லது. 1962 என்ற கட்டணமில்லா எண் கால்நடை மருத்துவ உதவிக்கானது. அந்த வண்டிகள் முக்கியமாக ஆடு மாடுகளுக்காக ஓடுபவை; தோல் புண்ணுக்கு வண்டியை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் நீங்களே பூனையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் சரி.

கல்ச்சர், பயாப்சி, ரத்தப் பரிசோதனை என்று போகும்போது மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்க. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நாமக்கல் கல்லூரி சேலம் தாண்டிப் போனால் இருக்கிறது. சேலம் மாவட்டம் தலைவாசலிலும் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. அதற்கும் மேலே என்றால் சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. கிளம்பும் முன் போன் செய்து, சிறு பிராணிகளுக்குப் புறநோயாளிப் பிரிவு எந்த நேரம், கல்ச்சர் மாதிரி எந்த நாளில் எடுப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

பூனையை எப்படி எடுத்துப் போவது? கூண்டு இல்லையா, தக்காளி கிரேட் இரண்டை வாயோடு வாய் கவிழ்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்க. காற்று போகும், பூனை வெளியே வராது. உள்ளே அது வழக்கமாகப் படுக்கும் துணியைப் போட்டு, மேலே ஒரு துண்டை மூடினால் பேருந்திலும் சத்தம் போடாமல் வரும். சாக்கில் கட்டி எடுத்துப் போகாதீங்க. மூச்சு முட்டும், திறக்கும்போது கடிக்கும்.

கடித்தாலோ பிறாண்டினாலோ

புண் வலிக்கும்போது எந்தப் பூனையும் கடிக்கும், எவ்வளவு பழகியதாக இருந்தாலும். கடித்த இடத்தையும் ரத்தம் வந்த பிறாண்டலையும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீங்க. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்க. நாய் மட்டுமில்லை, பூனையும் வெறிநோயைக் கடத்தும். அதிலும் தெருவில் மற்ற பிராணிகளோடு சண்டை போட்டு வந்த பூனை. தடுப்பூசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் வர வேண்டும்; ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேட்பார்கள். கடித்த கை ஒரே நாளில் சிவந்து வீங்கி வலி ஏறினால் தாமதிக்காமல் திரும்பவும் காட்டுங்க, பூனையின் பல்லில் இருக்கும் பாக்டீரியா வேகமாகப் பரவும். நாலு தேதிகளையும் அங்கேயே நின்று போன் காலண்டரில் போட்டுவிடுங்க. 28-ஆம் நாள் ஊசியைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.